ரெசின் தாங்கும் வரைதான்

வானகரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பி, அயனம்பாக்கம், அத்திப்பட்டு வழியாக அம்பத்தூருக்குப் போகிற பக்கமெல்லாம் ஒளியை மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். ‘லேசர் கட்டிங், பெண்டிங்’ என்று பலகை மாட்டிய கொட்டகைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. டிராயிங்கைப் பென் டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ கொடுத்தால் போதும். எஃகுத் தகடு மேசைமேல் ஏறும், பொறி பறக்கும், சற்று நேரத்தில் பிராக்கெட்டாகவும் ஃபிளாஞ்சாகவும் வீட்டு கேட்டுக்கான மயிலாகவும் இறங்கி வரும். வெட்டிய நீளத்துக்கு ஒரு விலை. ஒளி புதிதாகத் துளை போட்டு உள்ளே இறங்கும் ஒவ்வொரு முறைக்கும் தனி விலை.

அதே கொட்டகையில் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கறுப்புத் தகடு ஒன்றை நீட்டினால் பேச்சு மாறிவிடும். கல்லூரிப் போட்டிக்கு ட்ரோன் செய்கிற பிள்ளைகள் இப்படி நீட்டுவது உண்டு. தகட்டை வாங்கிச் சாய்த்து, அதன் நெசவு மின்னுவதைக் கண்டதுமே ஆப்பரேட்டர் திருப்பிக் கொடுத்துவிடுவார். “இது மெட்டலுக்கு உள்ள மெஷின் தம்பி. கார்பன் ஃபைபரை இதுல வெச்சா ஓரமெல்லாம் கருகிரும், புகையும் தாங்காது. ரூட்டர் வெச்சிருக்கறவங்ககிட்ட குடுங்க.”

கனத்த எஃகை அறுக்கிற ஒளி, ஒரு விரலால் தூக்கிவிடக்கூடிய இந்தத் தகட்டின்முன் ஏன் பின்வாங்குகிறது? பலம் போதாமையால் என்று யாரும் சொல்ல முடியாது. பல கிலோவாட் சக்தி அந்த இயந்திரத்தின் தலைக்குள் காத்திருக்கிறது. சிக்கல் தகட்டின் இயல்பில் இருக்கிறது.

எஃகு ஒரே இயல்புடைய பொருள். சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருகும். ஒளிக்கற்றை ஓரிடத்தில் குவிந்து அதை உருக்குகிறது, கூடவே பாய்கிற நைட்ரஜனோ ஆக்சிஜனோ உருகியதைக் கீழே ஊதித் தள்ளுகிறது. தகட்டின் எந்தத் துகளைத் தொட்டாலும் வெப்பத்துக்கு அது தரும் பதில் ஒன்றுதான். ஆகவே ஆப்பரேட்டருக்கு வேண்டியது ஒரே ஒரு கணக்கு. கறுப்புத் தகட்டுக்குள்ளோ இருவர் குடியிருக்கிறார்கள். ஒருவர் கார்பன் இழை, மற்றவர் அந்த இழைகளைப் பிடித்து நிறுத்தும் எபாக்ஸி ரெசின். இருவருடைய பதிலும் வேறு வேறு.

இழையின் கதை நெருப்பிலேயே தொடங்குகிறது. 1879-இல் எடிசன் பருத்தி நூலைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி விளக்குக்குள் எரியவிட்டார். அடுத்து மூங்கில் நாரைக் கரியாக்கினார். அவருக்கு வேண்டியிருந்தது வெளிச்சம். அந்தக் கரி நூலின் வலிமையை யாரும் பொருட்படுத்தவில்லை. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து, 1958-இல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பார்மா ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் என்ற இயற்பியலாளர், கடும் அழுத்தத்தில் கார்பன் எந்த வெப்பத்தில் உருகும் என்று அளக்க முயன்றார். மின்வில்லின் அடியில் படிந்த கசட்டில் மிக நுண்ணிய கார்பன் மயிர்கள் கிடந்தன. எஃகை மிஞ்சும் வலிமை அவற்றுக்கு இருந்தது. அதையொட்டிய காலத்தில் ஜப்பானின் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ, கம்பளிக்குப் பதிலாக நெய்யப் பயன்பட்ட பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை நூலிலிருந்து கார்பன் இழை எடுக்கும் வழியைக் கண்டார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகம் 1960-களில் அதை மேலும் வலுவாக்கியது. 1971-இல் ஜப்பானின் டோரே நிறுவனம் அதைச் சந்தைக்கே கொண்டுவந்தது.

இன்றும் வழி பெரும்பாலும் அதுதான். வெள்ளை நூலை இருநூறு முந்நூறு டிகிரியில் காற்றில் வாட்டிக் கறுக்க வைக்கிறார்கள். பிறகு ஆக்சிஜன் நெருங்காத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் இழுத்துப் பிடித்துச் சுடுகிறார்கள். கார்பன் தவிர மற்றவை பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சும் இழையின் தடிமன் ஐந்து முதல் ஏழு மைக்ரான், தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நெருப்பில் பிறந்தவன் நெருப்புக்கு அஞ்சுவதில்லை. திறந்த வெளியின் அழுத்தத்தில் கார்பன் உருகுவதே கிடையாது. 3600 டிகிரிக்கு மேல்தான் அது திடநிலையிலிருந்து நேரே ஆவியாகும். எஃகை ஊதித் தள்ளுவதுபோல் இதை ஊதித் தள்ள, உருகிய துளி என்று ஒன்று இங்கே இல்லை.

ரெசினுக்கு இப்படி வீர வரலாறு எதுவும் கிடையாது. இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிப்போகும் பசை, அவ்வளவுதான். முந்நூறு, நானூறு டிகிரிக்குள் சிதைந்துவிடும். விளம்பரத்தில் அதற்கு இடமில்லை. சைக்கிள் சட்டம், டென்னிஸ் மட்டை, பந்தயக் கார் எதை விற்றாலும் கார்பனைத்தான் சொல்லி விற்பார்கள். ஆனால் ரெசின் இல்லாத கார்பன் இழை வெறும் துணி. இழுத்தால் எஃகை வெல்லும், அமுக்கினால் மடிந்துவிடும். ரெசின்தான் அதை நிமிர்த்தி நிறுத்துகிறது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் ஓசையில்லாமல் செய்கிறது: ஓர் இழை எங்கோ அறுந்தால் அது சுமந்த பாரத்தை வாங்கிப் பக்கத்து இழைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான இழைகளில் சில அறுந்தும் தகடு முறியாமல் இருப்பது இந்தப் பகிர்வினால்தான்.

இழையின் புகழை மட்டும் நம்பியவர்கள் பட்டதும் உண்டு. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்பி211 ஜெட் பொறிக்குக் கார்பன் இழையால் விசிறி இதழ்கள் செய்து பார்த்தது. எடை குறைந்தது. பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்கும் சோதனையில் அவை நிற்கவில்லை. மறுபடி டைட்டேனியத்துக்கே திரும்பினார்கள். 1971 பிப்ரவரியில் நிறுவனமே நொடித்துப் போனதற்கு அந்த இதழ்கள் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, பொறியின் மொத்தச் செலவும் கைமீறியிருந்தது. ஆனாலும் பாடம் பாடம்தான். இழுவிசையில் யாராலும் அசைக்க முடியாத பொருள், எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்த ஓர் அடியில் உடைந்தது. அப்படிப்பட்ட அடியில் முதலில் சோதிக்கப்படுவது இழைக்கும் இழைக்கும் நடுவே, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இருக்கும் பிடிமானம்.

இனி ஒளிக்கு வருவோம். எஃகு வெட்டும் கொட்டகைகளில் இன்று பெரும்பாலும் இருப்பது ஃபைபர் லேசர். அதன் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மைக்ரான். அந்த அலைநீளத்துக்கு எபாக்ஸி கண்ணாடி மாதிரி. ஒளி அதைப் பெரிதாகத் தொடாமலே கடந்துவிடும். கடந்து போய் இழையில் இறங்குகிறது. கறுப்பான கார்பன் அதை ஆசையாக வாங்கிக்கொள்கிறது, வாங்கிய வெப்பத்தைத் தன் நெடுக்கே கடத்துகிறது. ரெசினைவிட இழை பல மடங்கு வேகமாக வெப்பம் கடத்தும். இழை 3600 டிகிரியை எட்டி ஆவியாவதற்குள், அதைச் சுற்றி அணைத்திருக்கும் ரெசின் எப்போதோ கருகிப் போயிருக்கும்.

இங்கே நடப்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒளி ரெசினைச் சுடவில்லை. ஒளி சுட்டது இழையை. இழை அதைத் தாங்கிக்கொண்டது. தாங்கிக்கொண்டதாலேயே அந்தச் சூட்டைச் சுமந்துபோய், தாங்க முடியாதவனுடைய கையில் கொடுத்தது. பலசாலி எரியவில்லை, பலசாலியின் வழியாகப் பலவீனன் எரிந்தான்.

இன்னொன்றும் உண்டு. இழை ஓடும் திசையிலேயே வெட்டினால் சேதம் குறைவு. இழைக்குக் குறுக்கே வெட்டும்போதுதான் காயம் ஆழமாகும். அறுபட்ட ஒவ்வொரு இழையும் வெட்டுக்கோட்டிலிருந்து விலகி உள்நோக்கிப் போகும் வெப்பப் பாதையாகிவிடுகிறது. வெட்டியது ஒரு கோடு; வெந்தது ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் ரெசின் பின்வாங்கியிருக்கும், இழை முனைகள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும், அடுக்குகளுக்கு நடுவே வாய் பிளந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஓரம் நேராகவே தெரியலாம். அளவுகோலை வைத்தாலும் டிராயிங்கோடு ஒத்துப்போகலாம். பிளவு உள்ளே, அடுக்கின் மறைவில், பின்னாளில் வரப்போகும் பாரத்துக்காகக் காத்திருக்கும்.

கத்தியால் வெட்டக்கூடாதா என்றால், வெட்டுகிறார்கள். வைரத்துகள் பதித்த ரூட்டர் முனைகள் அதற்கென்றே இருக்கின்றன. கார்பன் இழை அவற்றையும் தேய்த்துவிடும். முனை மழுங்கிய பிறகு அறுப்பதற்குப் பதிலாக இழுக்கத் தொடங்கும், அப்போது அடுக்குகள் பெயரும். தண்ணீரால் வெட்டும் வழியும் உண்டு. நான்காயிரம் பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றிய நீரில் கார்னெட் என்னும் செம்மணலைக் கலந்து பீய்ச்சுவது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் அலை ஒதுக்கிய அதே சிவப்பு மணல்தான் அது. 2013-இல் தமிழ்நாடு அரசு அந்த மணலை அள்ளத் தடை விதிக்கும் வரை நம் கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. நீர் வெட்டில் சூடு என்ற தொல்லை இல்லை. ஆனால் தகட்டின் நடுவே முதல் துளை போடும்போது, நீரின் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிளக்கும். உலோகம், நீர், ஒளி என்று எந்தக் கருவி எடுத்தாலும் முடிவில் அடி விழும் இடம் ஒன்றே. எந்த வழியில் போனாலும் கேள்வி ரெசினிடம் வந்து நிற்கிறது.

வெட்டாமல் விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. 2001 ஜனவரி 4 அன்று பெங்களூருவில் முதன்முறையாக வானேறிய தேஜஸ் விமானத்தின் உடற்கட்டில் எடைக்கணக்கில் கிட்டத்தட்ட பாதி கூட்டுப்பொருள். போயிங் 787 விமானத்திலும் ஏறத்தாழ பாதி. விமானத்தைவிட மனதில் நிற்பது இன்னொன்று. ஏவுகணைப் பணியில் பழகிய இலேசான கூட்டுப்பொருளை ஹைதராபாத்தில் ஓர் எலும்பு மருத்துவர் கையில் எடுத்துப் பார்த்தார். தன் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், மூன்று கிலோ எடையுள்ள உலோகத் தாங்கிகளை இழுத்து இழுத்து நடக்கும் பிள்ளைகளைக் காட்டினார். அந்தத் தாங்கிகளின் எடை பிறகு முந்நூறு கிராமாகக் குறைந்தது. அப்துல் கலாம் தம் உரைகளில் பெருமகிழ்ச்சியோடு திரும்பத் திரும்பச் சொன்னது இது. எடை குறைவது யாருக்கு வரம் என்பது அந்தப் பிள்ளைகளின் கால்களுக்குத் தெரியும். ஆக, கூட்டுப்பொருளை வெட்டித்தான் தீர வேண்டும். எப்படி என்பதுதான் வினா.

ஒளி இதற்குக் கண்டுபிடித்த விடை எனக்கு வியப்பூட்டுகிறது. 1960 மே 16 அன்று தியடோர் மைமன் மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். நான்கே ஆண்டில், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த குமார் படேல், கார்பன் டை ஆக்சைடு வாயுவிலிருந்து இடைவிடாமல் பாயும் லேசரை உருவாக்கினார். ஆலைகளுக்குள் முதலில் ஆட்சி செய்தது அவருடைய வாயுதான். அன்றிலிருந்து வெட்டும் கலையின் முன்னேற்றத்தைப் பலரும் வாட் கணக்கில் எண்ணினார்கள். கார்பன் கூட்டுப்பொருள் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. சக்தியைக் குறைத்து மெல்ல மெல்ல வெட்டினால் சேதம் குறையும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது நேர்மாறு. மெதுவாகப் போகிற மெல்லிய ஒளி ஒரே இடத்தில் நெடுநேரம் தங்குகிறது. தங்கும் நேரமெல்லாம் வெப்பம் இழையோடு ஊர்ந்துபோய் ரெசினைத் தின்கிறது. வலுவான ஒளி சட்டென்று வந்து, வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டு, வெப்பம் பரவுமுன் போய்விட்டால் ஓரம் சுத்தமாக இருக்கிறது.

குத்துவிளக்கின் சுடருக்குள் குழந்தைகள் விரலைச் சரேலென்று ஓட்டி எடுத்து, சுடவில்லை பார் என்று சிரிப்பார்களே, அந்த வித்தைதான் இது. சுடரின் வெம்மை குறையவில்லை, விரல் அங்கே தங்கவில்லை. பொறியாளர்கள் விரைந்து திரும்பும் கண்ணாடிகளை வைத்து ஒளியைத் தகட்டின்மேல் நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடவிடுகிறார்கள். ஒரே ஓட்டத்தில் வெட்டி முடிக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு மெல்லிய தோலை மட்டும் சீவுகிறார்கள். அதே கோட்டில் பல முறை ஓடி முடிக்கும்போது தகடு இரண்டாகியிருக்கும்.

இந்த எண்ணத்தை எல்லைவரை கொண்டு போனவை பிகோ விநாடித் துடிப்பு லேசர்கள். ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிகோ விநாடி. விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் பறக்கும் ஒளியே அதற்குள் 0.3 மில்லிமீட்டர்தான் நகர முடியும். இப்படிக் குறுகிய துடிப்புகளைப் பெரும் வலுவோடு எழுப்பும் உபாயத்தை டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் முரூவும் 1985-இல் வெளியிட்டார்கள்; 2018-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஒரு துடிப்பின் உச்ச சக்தியை நம் கொட்டகை லேசர் நெருங்கவே முடியாது. அவ்வளவு வன்மை, ஆனாலும் அண்டை ரெசினுக்குத் தகவல் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிடுகிறது. மென்மைக்கும் பலக்குறைவுக்கும் சம்பந்தமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இயந்திரம் எனக்குத் தெரியாது. நெடுநேரம் உடனிருந்து மெல்லச் சுடுவதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். ஓரம் கருகிய பிறகு எதனால் என்று தேடுகிறோம்.

கதை அதோடு முடியவில்லை. குறுகிய துடிப்பு இருந்தாலே போதும் என்று நம்பி, துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக் கொடுத்தவர்கள் மறுபடியும் கருகிய ஓரத்தையே கண்டார்கள். ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் மிச்சச் சூட்டை விட்டுப் போகிறது. அது தணியுமுன் அடுத்தது வந்தால் சூடு சேர்கிறது, சேர்ந்த சூடு ஒருநாளும் ஒரே துடிப்பின் குற்றமாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு அடியும் நியாயமான அளவில்தான் இருந்தது. அடிகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் போனதே குற்றம். எனவே ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையுமே என்று முதலாளி கேட்பார். அதற்கும் வழி பிறந்தது: ஒரு வெட்டு ஆறிக்கொண்டிருக்கும்போது ஒளி பக்கத்தில் இன்னொரு வெட்டுக்குப் போய்வரலாம். ஓய்வு வீண் என்று நினைத்தவரை அது இழப்பு. திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்ட அன்றே அது வேலையின் ஒரு பகுதி.

இவ்வளவு பாடுபடுவதைவிட ரெசினையே இழைக்கு நிகராக வலுப்படுத்திவிடலாமே என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள், செய்தும் இருக்கிறார்கள். இழையும் கார்பன், இழையைப் பிடிக்கும் பிசினும் கார்பன் என்று ஆக்கினால் கார்பன்-கார்பன் கிடைக்கும். 1989 மே 22 அன்று பறந்த அக்னி, விண்ணிலிருந்து மறுபடி காற்றுமண்டலத்துக்குள் நுழைகையில் அதன் முனையைக் காத்தது இந்த வகைப் பொருள். பிசினை மறுபடி மறுபடி ஊட்டி, மறுபடி மறுபடி சுட்டு, அதைச் செய்து முடிக்க நெடுங்காலம் பிடிக்கும். விலையும் அதற்கேற்ற விலை. ஏவுகணையின் மூக்குக்கு அது தகும். சைக்கிளுக்கும் செயற்கைக் காலுக்கும் எட்டாது. எல்லாரையும் ஒரே தாங்குதிறன் உள்ளவர்களாக ஆக்கிவிட்டால் சிக்கல் தீரும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. உலகத்தின் பெரும்பகுதி அப்படிச் செய்யப்படவில்லை. தாங்குபவரும் தாங்காதவரும் ஒட்டிக்கொண்டுதான் அது நிற்கிறது.

இந்தச் சாலையையே பாருங்கள். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும், பாடியில் பெரிய உதிரிபாக ஆலைகளும் வந்தன. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இவை இழைகள். நீளமானவை, உறுதியானவை, வரைபடத்தில் பெயர் உள்ளவை. இவற்றைச் சுற்றி, பெயர்ப்பலகை மங்கிய ஜாப் வொர்க் கொட்டகைகள், வங்கிக் கடனில் வாங்கிய ஒற்றை இயந்திரங்கள், ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கி ஷிஃப்ட் போகும் வெளிமாநிலத்து இளைஞர்கள், அவர்களுக்குச் சோறு போடும் மெஸ்கள். இவை ஆலைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ரெசின். ஓர் ஆலையில் ஒரு பாகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் இரவோடிரவாக இன்னொரு கொட்டகை செய்து கொடுக்கிறது. பாரம் பகிரப்படுகிறது. வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

2019-இல் வாகன விற்பனை சரிந்தது. ஆகஸ்ட்டில் பாடிப் பக்கத்துப் பெரிய ஆலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தன. ஆலைகளுக்கு அது கசப்பான காலாண்டு, தாங்கின. அவை வாங்கிய சூடு ஆர்டர் குறைப்பாகவும் தள்ளிப்போன பில்லாகவும் இழையோடு ஓடிக் கொட்டகைகளுக்குள் இறங்கியது. அங்கே மாதத் தவணை ஒன்று தப்பினாலே ரெசின் சிதையும் வெப்பம் வந்துவிடும். அடுத்த ஆண்டு மார்ச் 25-இல் நாடு முழுக்க ஒரே கோட்டில், ஒரே ஓட்டத்தில், இடைவெளி விடாமல் ஒரு வெட்டு விழுந்தது. நோயைத் தடுக்க வெட்ட வேண்டியிருந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வெட்டின் அவகாசத்தை யாருடைய தாங்குதிறனை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதே என் கேள்வி. மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்து சேர்கிறவர்களை வைத்தா, தினக்கூலி நின்ற மூன்றாம் நாள் அரிசி தீர்ந்துபோகிறவர்களை வைத்தா? ரயில் கிடைத்தவர்கள் ரயிலில் போனார்கள், கிடைக்காதவர்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். ஊரடங்கு தளர்ந்து ஆலைகள் திறந்தபோது இயந்திரங்கள் பழுதின்றி நின்றன. ஓட்ட ஆளில்லை. இழை அப்படியே இருந்தது, ரெசின் ஆவியாகிப் போயிருந்தது.

பொருளியல் பேசுகிறவர்கள் அடியின் அளவைப் பேசுவார்கள்: எத்தனை விழுக்காடு குறைந்தது, எத்தனை கோடி போயிற்று என்று. கறுப்புத் தகடு நம்மை வேறொன்றை அளக்கச் சொல்கிறது. சூடு எவ்வளவு நேரம் தங்கியது? சிறு தொழிலுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது போலத் தோன்றும். வாங்கிய பொருளுக்கும் வேலைக்கும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்கிறது அது. விலையில் அது தலையிடவில்லை, நாளைத்தான் வரையறுத்தது. பெரிய கம்பெனியின் கணக்கில் ஒரு பில் தொண்ணூறு நாள் கிடப்பது ஒரு வரிப் பதிவு. கொட்டகையில் அதே தொண்ணூறு நாள், சம்பளத்துக்கு நகையை அடகு வைக்கும் தொண்ணூறு நாள். ஒரே தொகை, ஒரே கெடு, இரண்டு இடத்தில் இரண்டு வெப்பம்.

இனி அந்த ஆப்பரேட்டரின் மறுப்பை நினைத்துப் பார்க்கிறேன். புகையும் தாங்காது என்றார். எபாக்ஸி கருகும் புகை நச்சுடையது. சூட்டில் மெலிந்து உடையும் கார்பன் இழைத் துணுக்குகள் மூன்று மைக்ரானுக்கும் கீழே போனால் நுரையீரலின் அடிவரை இறங்கும் அபாயம் உண்டு. மின்சாரம் கடத்தும் அந்தக் கரித்தூள் கண்ட்ரோல் பேனலுக்குள் புகுந்தால் இயந்திரத்தையே கெடுக்கும். புகையை உறிஞ்சும் ஏற்பாடும் வடிகட்டியும் இல்லாத இடத்தில் இதைச் செய்யக்கூடாது. அவரால் அந்தத் தகட்டை இரண்டாக்க முடியாதா? முடியும். சக்தியைக் கூட்டிவிட்டு நின்றால் எப்படியும் துண்டாகும், கூலியும் கிடைக்கும். துண்டாக்குவதும் வெட்டுவதும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் இயந்திரத்தின் பலத்தை நன்றாக அறிந்தவர் அவர். இந்த வேலைக்கு அந்த அறிவு போதாது என்பதையும் அறிந்தவர்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் பலருக்கு இல்லாத அறிவு இது. ஆலையை மூடுகிறவர், ஊரைக் காலி செய்யச் சொல்கிறவர், சொத்தைப் பிரிக்கிறவர், பள்ளியை இணைக்கிறவர் எல்லாருமே வெட்டுகிறவர்கள்தான். வெட்டுகள் தவிர்க்க முடியாதவை. ஒட்டியது எல்லாம் ஒட்டியபடியே என்றைக்கும் இருக்க வேண்டும் என்று கேட்பது குழந்தைத்தனம். வெட்டுமுன் எல்லாரும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள்: இது தாங்குமா? கேட்கும்போது அவர்கள் கண் இழையின்மேல் இருக்கிறது. நிறுவனம் தாங்கும், மாநிலம் தாங்கும், குடும்பம் தாங்கும் என்று பதில் வருகிறது. பதில் பொய்யில்லை. இழை தாங்கத்தான் செய்கிறது. தாங்கிய சூட்டை அது எங்கே கொண்டுபோய் இறக்கியது என்று பார்க்கத்தான் யாரும் மறுநாள் வருவதில்லை.

ஒரு கூட்டின் வலிமையை அதன் பலசாலியை வைத்து அளக்கலாம். விற்பனைக்கு அது உதவும். அதைத் தொடும் முறையை அதன் பலவீனனை வைத்துத்தான் அளக்க முடியும். அவனால் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்க முடியுமோ அதுவே மொத்தக் கூட்டின் எல்லை. அந்த எல்லைக்குள் வேலையை முடிக்க முடியாத பலம், எத்தனை கிலோவாட்டாக இருந்தாலும், வெட்டத் தகுதியில்லாத பலம். அதற்குள் முடிக்கத் தெரிந்தவர்களிடம் மூன்று பழக்கங்கள் இருக்கும்: வேண்டியதைச் சட்டென்று செய்வார்கள், செய்ததும் விலகுவார்கள், ஆறிய பிறகே மறுபடி வருவார்கள். அரசாள்வதற்கும் ஆலை நடத்துவதற்கும் வீட்டில் கசப்பான ஒன்றைப் பேசித் தீர்ப்பதற்கும் இவை போதும். கருணைக்குச் சக்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. தான் எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதைத் தன் பலத்திடம் கேட்காமல், எதிரே இருப்பவர்களில் மிக எளிதாக எரிந்துபோகக் கூடியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சக்திக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.